ஸ்பானிய மொழியில் எதிர்மறை ஏவல்

முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

தமிழ் பயிலும் ஒருத்திக்கு ஸ்பானிய இலக்கணத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நம் கல்லூரியில் அம்மொழி பாடமாகவும் இல்லை. ஆயினும் ஐந்தே வரிகள் கொண்ட ஒரு கடிதத்தில் நான் செய்த பிழைகள் என்னை அவ்விலக்கணத்தின் ஒரு மூலைக்கு இழுத்துச் சென்றன. அங்கே கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் கோயில் வாயிலில் பூக்கடை வைத்திருக்கிறார். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள் ஸ்பெயின் நாட்டிலிருந்து கோயில் காண வந்த பெண் ஒருத்தி, கடையில் இருந்த ஒவ்வொரு பூவுக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். பதிலுக்குத் தன் மொழிப் பெயர்களையும் சொன்னாள். அன்று தொடங்கிய நட்பு கடிதங்களாக வளர்ந்தது. நம் கல்லூரி நூலகத்தின் மொழியியல் அடுக்கில் யாரும் தொடாமல் கிடந்த ஸ்பானிய இலக்கண நூல் ஒன்றையும், ஓர் அகராதியையும் துணையாகக் கொண்டு நான் அவள் மொழியில் எழுதிப் பழகினேன்.

சென்ற ஆண்டு, அவளை வளர்த்த பாட்டி இறந்துபோனார். செய்தி வந்த அன்றிரவே விடுதியில் அமர்ந்து ஆறுதல் கடிதம் எழுதினேன். ஆறுதல் சொல்வதென்றால் நாம் என்ன சொல்வோம்? அழாதே, நம்பிக்கையை இழக்காதே, நாட்களை எண்ணாதே, தனியாய் இருப்பதாக உணராதே, பதில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்காதே. ஐந்தும் எதிர்மறை ஏவல்கள். ஐந்தில் ஒன்றைத்தான் சரியாக எழுதினேன். எஞ்சிய நான்கில் ஒன்று பொருளற்ற சொல்லாயிற்று. மூன்றோ, நான் கருதாத வேறு பொருளைத் தந்தன. அவள் அக்கடிதத்தை நான்கு நாள் மடித்து வைத்துவிட்டாளாம். ஏன் என்பதைப் பாடம் முடிந்தபின் கூறுகிறேன். அப்போதுதான் அது உங்களுக்கு விளங்கும்.

ஸ்பானிய மொழி

ஸ்பானியம் லத்தீன் மொழியின் வழிவந்தது. ஸ்பெயின் நாட்டிலும், மெக்ஸிகோ முதல் ஆர்ஜென்டினா வரையுள்ள அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் அது வழங்குகிறது. அதனைத் தாய்மொழியாகப் பேசுவோர் 45 கோடிக்கும் மேற்பட்டோர். அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் 1492ஆம் ஆண்டில் அம்மொழிக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். கொலம்பஸ் கடல் கடந்ததும் அதே ஆண்டில்தான். மொழியைப் பேணுவதற்கென அரச கல்விக்கழகம் 1713இல் மத்ரித் நகரில் நிறுவப்பட்டு இன்றளவும் இயங்கி வருகிறது.

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மூன்று குறிப்புகளை மனத்திற்கொள்க. ஒன்று, விகுதியில் நிற்கும் உயிர் தெளிவாகத் தெரியும்பொருட்டு அதனை ஆ, ஏ, ஓ என நெடிலாக எழுதியுள்ளேன்; பேசும்போது அவ்வளவு நீட்ட வேண்டா. இரண்டு, ‘ன்த’ என வருமிடத்தில் தகரத்தை வன்மையாகவும், ‘ந்த’ என வருமிடத்தில் ‘பந்து’ என்பதிற்போல மென்மையாகவும் ஒலிக்க வேண்டும். மூன்று, ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாவைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் ஓர் ஒலியை, அமெரிக்க நாட்டார் ஸகரமாகவே ஒலிப்பர். நானும் ஸகரமாகவே எழுதுகிறேன்.

வினையின் மூவினம்

ஸ்பானிய வினைச்சொற்களை அகராதியில் தேடினால் அவை ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடியும். பென்ஸார் (நினைத்தல்) ஆர் இனம். பெர்தேர் (இழத்தல்) ஏர் இனம். தொர்மீர் (உறங்குதல்) ஈர் இனம். ஈற்றை நீக்கினால் எஞ்சுவது பகுதி. அதன்மேல் இடமும் எண்ணும் காட்டும் விகுதிகள் சேரும்.

நிகழ்காலத்தில் ‘நான் நினைக்கிறேன்’ என்பதற்குப் ‘பென்ஸோ’ என்று வருமென நாம் எதிர்பார்ப்போம். வருவதோ ‘பியென்ஸோ’. பகுதியிலுள்ள எகரம் ‘இயெ’ எனத் திரிகிறது. இவ்வாறு பகுதியில் உயிர் திரியும் வினைகளைப் பகுதி மாறும் வினைகள் என்று அழைப்போம். அவை மூவகைப்படும்.

1. எ என்பது இயெ ஆதல்: பென்ஸார் – பியென்ஸோ, பெர்தேர் – பியெர்தோ, ஸெர்ரார் (மூடுதல்) – ஸியெர்ரோ.

2. ஒ என்பது உவெ ஆதல்: கொன்தார் (எண்ணுதல், கதை சொல்லுதல்) – குவென்தோ, பொல்பேர் (திரும்புதல்) – புவெல்போ, தொர்மீர் – துவெர்மோ. ஹுகார் (விளையாடுதல்) என்னும் வினையில் மட்டும் உகரமே உவெ ஆகி ஹுவெகோ என வரும்.

3. எ என்பது இ ஆதல்: பெதீர் (வேண்டிக் கேட்டல்) – பிதோ; ரெபெதீர் (மீண்டும் செய்தல்) – ரெபிதோ. இவ்வகை ஈர் இனத்தில் மட்டுமே உண்டு.

எவ்வினை மாறும், எவ்வினை மாறாது என்பதை அகராதி வடிவத்தைப் பார்த்த அளவில் சொல்லிவிட இயலாது. தெஃபெந்தேர் (காத்தல்) மாறும். தெபெந்தேர் (சார்ந்திருத்தல்) மாறாது. ஓரெழுத்தே வேறுபடும் இரட்டையர்போல் தோன்றினும் இயல்பு வேறு. ஆகவே ஒவ்வொரு வினையையும் அதன் தன்மை ஒருமை வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நலம்.

பகுதி மாறுவது ஏன்?

காரணமின்றி மாறுவதாக எண்ணி நான் முதலில் மலைத்தேன். காரணம் சொல்லின் அழுத்தத்தில் இருக்கிறது. லத்தீனில் குறிலாய் நின்ற எகரமும் ஒகரமும் அழுத்தம் பெற்ற இடங்களில், ஸ்பானியத்தில் இயெ, உவெ எனப் பிளந்தன. இது வினைக்கு மட்டும் உரியதன்று. லத்தீன் ‘தெர்ரா’ (நிலம்) ஸ்பானியத்தில் ‘தியெர்ரா’ ஆயிற்று. ‘போர்தா’ (கதவு) ‘புவெர்தா’ ஆயிற்று.

நிகழ்கால வடிவங்களை வரிசையாக ஒலித்துப் பாருங்கள். நான் நினைக்கிறேன் – பியென்ஸோ. நீ – பியென்ஸாஸ். அவன், அவள் – பியென்ஸா. நாம் – பென்ஸாமோஸ். நீங்கள் – பென்ஸாய்ஸ். அவர்கள் – பியென்ஸான். நாம், நீங்கள் என்னும் இரண்டிடங்களில் அழுத்தம் விகுதிக்குச் சென்றுவிடுகிறது. பகுதி அழுத்தமின்றி நிற்கிறது. எனவே எகரம் மாறவில்லை. மற்ற நான்கிலும் அழுத்தம் பகுதியில் விழுகிறது, எனவே மாறுகிறது. முதல் இருவகை வினைகளுக்கும் இதுவே விளக்கம். பிளவுபடாத மூன்றாம் வகையும் நிகழ்காலத்தில் இதே நான்கு இடங்களில்தான் மாறும். ஆங்கில வழி கற்பிப்போர் இந்நான்கையும் ஒரு கோட்டுக்குள் அடக்கி, அதன் உருவத்தை வைத்துக் ‘காலணி வினைகள்’ என்று மாணவர்க்குச் சொல்லித் தருவதுண்டு.

உடன்பாட்டு ஏவல்

உரிமையோடு ‘நீ’ என்று ஒருவரை விளித்து ஏவும்போது, படர்க்கை ஒருமை நிகழ்கால வடிவமே ஏவலாக வரும். பியென்ஸா – நினை. ஸியெர்ரா – மூடு. துவெர்மே – உறங்கு. பிதே – கேள். இதில் சிக்கல் ஏதுமில்லை.

எதிர்மறை ஏவல்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ‘நோ’ என்பது ஸ்பானியத்தில் எதிர்மறைச் சொல். ‘துவெர்மே’ என்றால் உறங்கு எனின், ‘நோ துவெர்மே’ என்றால் உறங்காதே என்றுதானே ஆகவேண்டும்? ஆகாது. ‘அவன் உறங்குவதில்லை’ என்றே ஆகும். ஸ்பானிய ஏவல் வடிவம் எதிர்மறையை ஏற்பதில்லை. விலக்க வேண்டுமானால் வேறொரு வினைவடிவத்தை நாட வேண்டும்.

அவ்வடிவத்தை அவர்கள் ‘ஸுப்ஹுன்தீபோ’ என்பர். நடப்பதை நடப்பதாகக் கூறாமல், விருப்பம், வேண்டுகோள், ஐயம், அச்சம் முதலியவற்றைச் சார்ந்து வருவது அது. நம் வியங்கோளை ஓரளவு ஒத்தது எனலாம். இக்கட்டுரையில் அதனை ‘வேண்டல் வினை’ என்றும், நடப்பதைக் கூறுவதைச் ‘செய்தி வினை’ என்றும் குறிப்பிடுகிறேன்.

தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. நாமும் ‘செய்’ என்பதன் முன்னோ பின்னோ ‘இல்லை’ என்பதைச் சேர்த்து விலக்குவதில்லை. ‘செய்யாதே’ என்று தனி வடிவம் கொள்கிறோம். ஆத்திசூடியில் ஔவையார் கையாளும் ‘ஏல்’ ஈறும் அத்தகையதே. பகுதி மாறுவதும் நமக்குப் புதிதன்று. ‘வா’ எனும் நெடில் ‘வராதே’ என்பதில் குறுகுகிறது. ‘தா’ என்பது ‘தராதே’ ஆகிறது. நாம் எண்ணிப் பார்க்காமலே செய்வதைத்தான் ஸ்பானியரும் எண்ணிப் பார்க்காமலே செய்கின்றனர்.

மூன்று படிகள்

எதிர்மறை ஏவலை அமைக்க மூன்று படிகள் போதும்.

முதற்படி: தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தை எடுத்துக்கொள்க. அகராதி வடிவத்தை எடுக்கலாகாது. (பென்ஸார் – பியென்ஸோ.)

இரண்டாம் படி: இறுதி ஓகாரத்தை நீக்குக. (பியென்ஸ்.)

மூன்றாம் படி: எதிரின உயிரைச் சேர்த்து விகுதி இடுக. ஆர் இன வினை ஏகாரம் பெறும். ஏர், ஈர் இன வினைகள் ஆகாரம் பெறும். முன்னே ‘நோ’ வைக்க. (நோ பியென்ஸேஸ் – நினைக்காதே.)

இவ்வாறே பெர்தேர் – பியெர்தோ – நோ பியெர்தாஸ் (இழக்காதே). கொன்தார் – குவென்தோ – நோ குவென்தேஸ் (எண்ணாதே). பெதீர் – பிதோ – நோ பிதாஸ் (கேட்காதே). தொர்மீர் – துவெர்மோ – நோ துவெர்மாஸ் (உறங்காதே).

தன்மை ஒருமையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? தெனேர் (உடைமையாதல்) என்னும் வினையைப் பாருங்கள். ‘நீ வைத்திருக்கிறாய்’ என்பதற்குத் தியெனேஸ் என்று எகரம் பிளக்கிறது. ஆனால் தன்மை ஒருமை தெங்கோ. ஆகவே எதிர்மறை ஏவல் ‘நோ தெங்காஸ்’. அச்சத்தை உடைமையாகக் கூறுவது அவர்கள் மரபாதலின், ‘நோ தெங்காஸ் மியெதோ’ என்றால் ‘அஞ்சாதே’ என்று பொருள். தன்மை ஒருமையை விட்டுவிட்டால் இத்தகைய இடங்களில் வழுக்கி விழுவோம். தன்மை ஒருமை ஓகாரத்தில் முடியாத ஒருசில வினைகள் மட்டும் இவ்விதிக்கு அடங்கா. நோ ஸேயாஸ் (இராதே – இயல்பு குறித்து), நோ எஸ்தேஸ் (இராதே – நிலை குறித்து), நோ பாயாஸ் (போகாதே), நோ தேஸ் (கொடாதே) ஆகியவற்றைத் தனியே மனப்பாடம் செய்துகொள்க.

பிறரை விலக்கும்போது

மரியாதைக்குரிய ஒருவரை ‘உஸ்தேத்’ என விளிப்பர். அப்போது ஈற்று ஸகரம் நீங்கும்: நோ பியென்ஸே. மரியாதை வழக்கில் உடன்பாடும் (பியென்ஸே) எதிர்மறையும் ஒரே வடிவமே என்பது கற்போர்க்கு ஓர் ஆறுதல். உரிமையோடு ‘நீ’ என அழைக்குமிடத்தில்தான் இருவேறு வடிவங்கள் வேண்டும். மரியாதைப் பன்மைக்கு நோ பியென்ஸேன். அமெரிக்க நாடுகளில் எல்லாப் பன்மைக்கும் இதுவே பொது.

ஸ்பெயினில் நண்பர் பலரை விளிக்கும்போது நோ பென்ஸேய்ஸ். தம்மையும் உளப்படுத்தும்போது நோ பென்ஸேமோஸ் (நினைக்க வேண்டா நாம்). இவ்விரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் பகுதி பழைய எகரத்துக்கே திரும்பிவிடுவதைக் காண்க.

ஈர் இனத்துக்கு மட்டும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘நோ தொர்மாமோஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நோ துர்மாமோஸ்’ என்றும், ‘நோ தொர்மாய்ஸ்’ என வர வேண்டிய இடத்தில் ‘நோ துர்மாய்ஸ்’ என்றும் வரும். அழுத்தமற்ற ஒகரம் உகரமாகவும், எகரம் இகரமாகவும் திரியும். பெதீர் என்பது நோ பிதாமோஸ், நோ பிதாய்ஸ் என வரும். லத்தீனில் இவ்வடிவம் ‘தொர்மியாமுஸ்’ என்றிருந்தது. விகுதியின் முன் நின்ற இகரமே பகுதியின் உயிரை மேலே உயர்த்திவிட்டு மறைந்துபோயிற்று. இகரம் இன்றில்லை, அதன் சுவடு மட்டும் பகுதியில் நிற்கிறது.

எழுத்து மாற்றம்

சில வினைகளில் ஸ்பானிய எழுத்தும் மாறும். எம்பெஸார் (தொடங்குதல்) – எம்பியெஸோ – நோ எம்பியெஸேஸ். கொல்கார் (தொங்கவிடுதல்) – குவெல்கோ – நோ குவெல்கேஸ். ஸெகீர் (தொடர்தல்) – ஸிகோ – நோ ஸிகாஸ். ஸ்பானிய நூலைத் திறந்து பார்த்தால் இவற்றில் ஓரெழுத்துக்குப் பதில் வேறெழுத்தோ, கூடுதலாய் ஓரெழுத்தோ, குறைவாய் ஓரெழுத்தோ காணப்படும். அவர்கள் எழுத்து முறையில் சில மெய்கள் ஏகார ஈகாரங்களுக்கு முன் வேறொலி பெற்றுவிடும். ஒலியைக் காக்கும்பொருட்டு எழுத்தை மாற்றுகின்றனர். தமிழ் எழுத்தில் எழுதும்போது இம்மாற்றம் கண்ணுக்குப் படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒலி மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

பெயரின் இடம்

‘என்னை, உன்னை, அதை’ முதலிய சிறு பதிலிப் பெயர்கள் உடன்பாட்டு ஏவலில் வினையின் பின்னே ஒட்டி நிற்கும். எதிர்மறையில் வினையின் முன்னே, நோ என்பதற்கு அடுத்து, பிரிந்து நிற்கும். குவென்தாமேலோ – அதை எனக்குச் சொல். நோ மே லோ குவென்தேஸ் – அதை எனக்குச் சொல்லாதே.

இங்கே தமிழர்க்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ‘உட்கார்’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘ஸியென்தாதே’ என்பர். நம் காதுக்கு அது ‘செய்யாதே, போகாதே’ என்பன போல விலக்குவதாகவே ஒலிக்கும். இந்தத் ‘தே’ நம் எதிர்மறை ஈறன்று. ‘உன்னை’ எனும் பெயர். உன்னை உட்காரவை என்பதே அதன் சொற்பொருள். விலக்கும்போது அந்தத் ‘தே’ முன்னே ஓடிவிடும்: நோ தே ஸியென்தேஸ் – உட்காராதே.

இரு வினைகளின் குறுக்கு வழி

இனி என் கடிதத்துக்கு வருகிறேன். ஸ்பானியத்தில் ஸென்தார் (உட்காரவைத்தல்) என்றொரு வினையும், ஸென்தீர் (உணர்தல்) என்றொரு வினையும் உள்ளன. இரண்டிலும் பகுதி ஒன்றே. இரண்டும் எகரம் பிளப்பவை. இரண்டுக்கும் தன்மை ஒருமை ஸியென்தோ. ஒன்று ஆர் இனம், மற்றது ஈர் இனம். விகுதி உயிர் எதிரினமாக மாறும்போது இரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று போய் அமர்ந்துகொள்கின்றன.

தே ஸியென்தாஸ் – நீ உட்கார்கிறாய்.
நோ தே ஸியென்தேஸ் – உட்காராதே.
தே ஸியென்தேஸ் – நீ உணர்கிறாய்.
நோ தே ஸியென்தாஸ் – உணராதே.

ஆக, ‘நோ தே ஸியென்தேஸ்’ என்னும் தொடருக்கு ‘உட்காராதே’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘நீ உணர்வதில்லை’ என்றும் பொருள் கொள்ளலாம். எப்பொருள் என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

என் கடிதம்

நான் செய்ததெல்லாம் இதுதான். அகராதியில் வினையைத் தேடினேன். ‘நீ’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தை அமைத்தேன். முன்னே நோ வைத்தேன். செய்தி வினையை மறுத்தேனே யன்றி, எதையும் விலக்கவில்லை.

‘அழாதே’ என்பதற்கு ‘நோ யோரேஸ்’ என்று சரியாக எழுதினேன். அவள் முன்னொரு கடிதத்தில் எழுதியிருந்த தொடர் அது; அதனால் தப்பினேன்.

‘நம்பிக்கையை இழக்காதே’ என்பதற்கு ‘நோ பியெர்தாஸ் லா எஸ்பெரான்ஸா’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘நோ பியெர்தேஸ்’ என்று எழுதினேன். நீ நம்பிக்கையை இழப்பதில்லை என்றாயிற்று.

‘நாட்களை எண்ணாதே’ என்பதற்கு ‘நோ குவென்தேஸ் லோஸ் தீயாஸ்’ என்பதே முறை. இதில் மட்டும் விகுதியைச் சரியாக மாற்றிவிட்டு, பகுதியை மாற்ற மறந்து ‘நோ கொன்தேஸ்’ என்று எழுதினேன். அப்படியொரு சொல்லே அம்மொழியில் இல்லை. ஐந்து வரிகளில் யாரையும் புண்படுத்தாத பிழை இது ஒன்றே!

‘என்னிடம் மன்னிப்புக் கேட்காதே’ என்பதற்கு ‘நோ மே பிதாஸ் பெர்தோன்’ என்று வர வேண்டும். நான் எழுதியது ‘நோ மே பிதேஸ் பெர்தோன்’. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்று பொருள். துயரத்தில் இருப்பவளைப் பார்த்துக் குற்றஞ்சாட்டியதாயிற்று.

‘தனியாய் இருப்பதாக உணராதே’ என்பது ‘நோ தே ஸியென்தாஸ் ஸோலா’. நான் எழுதியது ‘நோ தே ஸியென்தேஸ் ஸோலா’. நீ தனிமையை உணர்வதில்லை! தன்னை வளர்த்தவரை அடக்கம் செய்துவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்கு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து நான் சொன்ன செய்தி அது.

பிழையான சொல் பிழையென்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். படிப்பவர் சிரித்துவிட்டு மேலே செல்வார். பிழையாக வந்து இன்னொரு சரியான தொடராக அமைந்துவிடும் சொல்லே தீங்கு செய்கிறது. ஓர் உயிரெழுத்தின் விலை இவ்வளவு என்று எனக்கு அன்று தெரியாது.

நான்கு வாரம் கழித்து அவள் பதில் வந்தது. அதன் சாரத்தைக் கூறுகிறேன். முதலில் படித்தபோது அவளுக்குக் கோபம் வந்ததாம். என் மனத்தில் என்ன இருக்கிறதென்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாளாம். நான்காம் நாள் இரவு உணவுக்கு மேசையருகே தனியே அமர்ந்தபோது அவ்வரி நினைவுக்கு வந்திருக்கிறது. அப்போதுதான் அதற்கு இரண்டாவது பொருளும் உண்டென்பது தோன்றியதாம்: தனியாக உட்காராதே. உடனே எழுந்து, அடுத்த அறையிலிருந்த தம்பியை அழைத்துவந்து, பாட்டியின் நாற்காலியில் அமரச் செய்து உண்டிருக்கிறாள். அதன்பின் ஒரு வேளையும் தனித்து உண்ணவில்லை என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில் என் ஐந்து வரிகளையும் திருத்தி எழுதி அனுப்பியிருந்தாள். நான்கைத்தான் திருத்தியிருந்தாள் என்று சொல்ல நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். ‘நோ யோரேஸ்’ சரியாகவே இருந்தது. ‘நோ தே ஸியென்தேஸ் ஸோலா’ என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ‘இது இப்படியே இருக்கட்டும்’ என்று குறித்திருந்தாள்.

அவள் பெருந்தன்மை என் பிழையைக் காத்தது. எல்லாக் கடிதமும் அப்படிப்பட்டவர் கையிலேயே சென்று சேரும் என்பதற்கு உறுதி ஏது? ஆகவே இலக்கணத்தை ஒழுங்காகக் கற்பது என்று முடிவு செய்தேன்.

பயிற்சி

விருப்பமுள்ளோர் பின்வருவனவற்றுக்கு எதிர்மறை ஏவல் எழுதிப் பார்க்கலாம். முதல் நான்கும் ‘நீ’ என விளிப்பன. ஐந்தாவது தம்மையும் உளப்படுத்துவது.

1. ஸெர்ரார்: கதவை மூடாதே.
2. பொல்பேர்: நேரங்கழித்துத் திரும்பாதே.
3. மொபேர் (நகர்த்துதல்): மேசையை நகர்த்தாதே.
4. ரெபெதீர்: மீண்டும் செய்யாதே.
5. தொர்மீர்: உறங்க வேண்டா நாம்.

விடைகள்: 1. நோ ஸியெர்ரேஸ் லா புவெர்தா. 2. நோ புவெல்பாஸ் தார்தே. 3. நோ முவெபாஸ் லா மேஸா. 4. நோ ரெபிதாஸ். 5. நோ துர்மாமோஸ்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஸ்பானியத்தில் ஏவலை அப்படியே மறுக்க இயலாது என்பதும், தன்மை ஒருமையை எடுத்து ஓகாரத்தை நீக்கி எதிரின உயிரைச் சேர்க்க வேண்டும் என்பதும், அழுத்தம் விழுமிடத்தில் பகுதி மாறும், விழாவிடத்தில் மாறாது என்பதும், ஈர் இனம் மட்டும் அழுத்தமின்றியும் சிறிது திரியும் என்பதும், பெயர் வினைக்கு முன்னே வரும் என்பதும் பெறப்பட்டன.

இலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். ஒருவர் துயரத்தின் முன் நின்று பேச நேரும்போது நம் கையில் இருப்பவை சில சொற்களே. அவற்றை அவர் மொழியில், அவர் மொழியின் முறைப்படி சொல்லக் கற்றிருப்பது நாம் அவருக்குச் செய்யும் மரியாதை. நம் நூலகத்தில் அந்த இலக்கண நூல் இன்னும் அதே அடுக்கில்தான் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். பிழை வருமோ என்றும் அஞ்ச வேண்டா.

நோ தெங்காஸ் மியெதோ!